நாம் வரையாமல் விட்ட படம்

எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வரும் அம்மா ஒருநாள் காலையில் வழக்கம்போல விசில் ஊதாமல், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திண்ணைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வலதுகை ஆள்காட்டி விரலில் சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது. "சார், இந்த வரிசையில யாரு வீட்ல சார் சுகர் ஊசி போடுறாங்க?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஊசி குத்திவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னால், யார் போட்ட ஊசி என்று கேட்பார்கள். அதற்குப் பதில் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஊசி என்னுடையது. பல வருஷமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். போட்டு முடித்த ஊசியை டீத்தூளும் வெங்காயத் தோலும் கிடக்கும் அதே பையில் போட்டு, முடிச்சுப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "என்னோடதுதாம்மா" என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரம் என்னை இன்னும் விடவில்லை.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஊசி, காலாவதியான மாத்திரை, பூச்சிமருந்து டப்பா, டியூப்லைட், பேட்டரி, பெயின்ட் டப்பா எல்லாம் வீட்டில் உண்டாகும் ஆபத்தான கழிவு, அவற்றைத் தனியாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016இல் வந்த திடக்கழிவு விதிகளே சொல்லியிருந்தன. அதே ஆண்டு வந்த மருத்துவக் கழிவு விதிகளின்படி, ஆஸ்பத்திரிகள் ஊசியைக் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை நிறப் பெட்டியில் போட்டு மூட வேண்டும். இதையெல்லாம் பேப்பரில் படித்தவன் நான். படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன். அடுத்த நாள் குப்பையில் அதே பேப்பரும் போனது, அதே ஊசியும் போனது.

அன்று சாயங்காலம் நாங்கள் சிலபேர் டீக்கடைப் பெஞ்சில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு படம் போட்டுப் பார்ப்போமே என்று ஒருவர் சொன்னார். எங்கள் ஊர் கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில். பள்ளிக்கூடத்துச் சார்ட் பேப்பர் ஒன்றை வாங்கி, முதலில் ஆற்றை வரைந்தோம். பிறகு வாய்க்கால், ரோடு, கோயில், பள்ளிக்கூடம், சுடுகாடு. எங்கெங்கே எதைக் கொட்டுகிறோம் என்று புள்ளி வைக்க வேண்டும். அதற்காக ஊரைச் சுற்றி வர வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தோம். யாரும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சுடுகாட்டு ஓடை, பைபாஸ் பாலத்தடி, கைவிட்ட கல்குவாரிக் குழி, வாய்க்கால் மதகு ஓரம், கறிக்கடைக் கழிவு விழும் புதர், பழைய பேட்டரியை உடைத்துக் காய்ச்சுகிற கொட்டகை. ஒருவர் சொல்லச் சொல்ல அடுத்தவர் தலையாட்டினார். எல்லா இடமும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இத்தனை வருஷம் இந்தப் படம் எங்கள் எல்லார் மனதிலும் இருந்திருக்கிறது. தாளில் வைத்தால் அதற்குப் பொறுப்பு வந்துவிடுமே என்றுதான் விட்டிருக்கிறோம்.

உலகத்தில் நச்சுக்கழிவு கிடக்கும் இடங்களைக் கணக்கெடுப்பவர்கள் மூன்று கேள்வி கேட்கிறார்கள். அங்கே என்ன கிடக்கிறது? அது எந்த வழியாக வெளியே போகிறது, தண்ணீரிலா, புகையிலா, கைபட்டா, மாடு தின்றா? போய்ச் சேருகிற இடத்தில் யார் இருக்கிறார்கள்? மாசினால் 2015ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 90 லட்சம் பேர் காலத்துக்கு முன்பே இறந்தார்கள் என்று லான்செட் இதழ் அமைத்த ஆணையம் 2017இல் சொன்னது. அவ்வளவு பெரிய எண்ணுக்குப் பின்னால் இருப்பவை இந்த மூன்று சின்னக் கேள்விகள்தான். முதல் கேள்விக்குப் பெஞ்சில் சளசளவென்று பதில் வந்தது. இரண்டாவதற்கும் வந்தது. மூன்றாவது கேள்விக்கு வந்தபோது யாரும் பேசவில்லை. புள்ளி வைத்த இடங்களுக்குப் பக்கத்தில் இருப்பது யார் வீடு என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஊரின் கடைசி என்று நாம் சொல்லும் இடம் காலனிக்காரர்களுக்கு வீட்டு வாசல். குப்பை கொட்ட இடம் தேடியபோதெல்லாம் நம் கால் அந்தப் பக்கமாகவேதான் போயிருக்கிறது. யாரும் கூடிப்பேசித் தீர்மானம் போடவில்லை. போடாமலே எல்லாரும் ஒரே தீர்மானத்தில் இருந்திருக்கிறோம்.

படத்தை வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. முல்லைப்பெரியாறு லோயர்கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று வடகிழக்கே போய் வைகையில் சேர்கிறது. ஆடிக்காற்றும் குமுளிப் பக்கம் புகுந்து அதே திசையில்தான் வீசுகிறது. தண்ணீரும் காற்றும் ஒரே வழியில் போகிற ஊர் நம்முடையது. மேலே இருப்பவன் கொட்டியது கீழே இருப்பவனுக்குக் குடிதண்ணீரில் வரும், இரவில் கொளுத்தியது புகையாகவும் வரும். கூடலூர்க்காரரைக் கம்பத்துக்காரர் குறை சொல்வார், கம்பத்துக்காரரை நாங்கள் சொல்வோம், எங்களை உத்தமபாளையத்தில் சொல்வார்கள். கடைசியில் எல்லாம் வைகை அணையில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து மதுரைக்காரர் வீட்டுக் குழாய்க்குப் போகிறது. மதுரையில் என் மகள் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரை நானும் குடித்திருக்கிறேன். இது எங்கள் மதகைத் தாண்டி வந்த தண்ணீர் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

2011 டிசம்பரை நினைத்துப் பார்க்கிறேன். முல்லைப்பெரியாறு அணைக்காகக் கடையடைத்தோம். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கி நடந்தோம். வயதான பெண்கள் செருப்பில்லாமல் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், அதை நினைத்தால் இன்றும் பெருமைதான். 2014 மே மாதம் 142 அடிக்குத் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது ஊரே பட்டாசு வெடித்தது. 1895இல் அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்கு அவர் பேரை வைக்கிறோம். அந்தத் தண்ணீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் விளைகிறது. தண்ணீர் எத்தனை அடி என்று நம் ஊர்ச் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். அந்தத் தண்ணீரில் என்ன கலக்கிறது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. ஆற்றின் அளவுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த நாம், அதே ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி மூட்டையை இறக்கிவிட்டு வந்திருக்கிறோம். பட்டாசு வெடித்த காகிதக் குப்பையைக்கூட மறுநாள் வாய்க்காலில்தான் தள்ளினோம்.

என் அப்பா பன்னீர் திராட்சை போட்டவர். இந்தப் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். வருஷம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் அறுப்பு நடக்கிற ஊர் இது. கவாத்து பண்ணிய நாளிலிருந்து அறுப்பு வரைக்கும் சாம்பல் நோய், செவட்டை, பூச்சி என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். ஒவ்வொன்றுக்கும் மருந்து. நாம் அதை விஷம் என்று சொல்வதில்லை, மருந்து என்றுதான் சொல்கிறோம். சின்ன வயதிலிருந்தே அப்படிச் சொல்லிச் சொல்லி, குழந்தைக்குக் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் பந்தலுக்கு அடிப்பதும் நம் வாயில் ஒரே சொல்லாகிவிட்டது.

எங்கள் தோட்டத்துத் தொட்டியில் தண்ணீர் மொள்ள ஒரு டப்பா கிடந்தது. மருந்து வந்த பிளாஸ்டிக் டப்பா, வாய்ப்பக்கத்தை அரிவாளால் அறுத்தது. வேலைக்கு வந்தவர்கள் அதில் முகம் கழுவினார்கள், வாய் கொப்பளித்தார்கள், வெயிலில் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். ஒட்டியிருந்த காகிதம் பாதி உரிந்துபோய், ஓரத்தில் சாய்சதுரம் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அதன் கீழ்ப்பாதி சிவப்பு. பூச்சிமருந்தின் நஞ்சை நான்கு நிறத்தில் காட்டுவார்கள். பச்சைதான் குறைவு, அடுத்து நீலம், அதற்கு மேல் மஞ்சள். எல்லாவற்றிலும் கொடியது சிவப்பு. டவுனுக்குப் போய்ப் படித்த பிறகுதான் அந்தச் சிவப்புக்கு அர்த்தம் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு அந்த டப்பாவைத் தூக்கி எறிந்தேன். எங்கே எறிந்தேன் என்றால், வாய்க்காலில். அதில் வாய் கொப்பளித்தவர்களிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அப்பாவுக்குத் தலைகுனிவு என்று நினைத்தேன். அவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. எதனால் போனார்கள் என்று கேட்கவும் எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

காலி டப்பாவை வெறுமனே போட்டு வைக்கக்கூடாது, யாரும் மறுபடி எடுத்துப் பயன்படுத்தாதபடி உடைத்து, குடியிருப்பை விட்டுத் தள்ளிப் புதைக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது. மருந்தைக் கலக்கும்போதே டப்பாவை மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரை டேங்கிலேயே ஊற்றிவிட வேண்டும் என்பதும் விவசாயிகளுக்குச் சொல்லித்தரும் பாடம்தான். அதற்கு ஆகிற நேரம் ஒரு பீடி பிடிக்கிற நேரம். அந்த நேரத்தை நாம் கொடுக்கவில்லை. வரப்பு ஓரம் எறிந்துவிட்டு அடுத்த பந்தலுக்கு நடந்தோம்.

இந்த இடத்தில் எங்கள் படத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதை ஒரு கல்லூரிப் பெண் பிள்ளை சுட்டிக்காட்டினாள். "தாத்தா, ஜீப்புல போறவங்கள எங்க வைக்கிறது?" என்று கேட்டாள். விடிவதற்கு முன்னால் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்களைத்தான் கேட்டாள். அவள் அம்மாவும் அப்படிப் போகிறவர். ஏலச்செடிக்கு அடிக்கிற மருந்தின் ஈரம் அவர்கள் சேலையோடு மலையிறங்கி வருகிறது. அந்தச் சேலையை இங்கே துவைக்கிறார்கள், அதே கையோடு பிள்ளையைத் தூக்குகிறார்கள். எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் நாடு முழுக்க நிறுத்தியபோது, காசர்கோட்டு முந்திரித்தோப்புப் பிள்ளைகளின் படத்தைப் பார்த்து நாம் அழுதோம். அந்த மருந்தின் பெயர் நம் தோட்டத்து அலமாரியிலும் இருந்த பெயர். எங்கள் சார்ட் பேப்பர் கேரள எல்லைச் செக்போஸ்ட்டோடு முடிந்துபோயிருந்தது. பிறகு மேல் ஓரத்தில் இன்னொரு தாள் ஒட்டி மலையையும் வரைந்தோம்.

மலை என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது கேரளத்து வண்டி. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று பாதை. காய்கறியும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு மேலே போகிற வண்டிகளில் சில, இறங்கும்போது கழிவு மூட்டையோடு இறங்குகின்றன. பிடிபட்டால் ஊர் கூடுகிறது, போனில் வீடியோ ஓடுகிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கொடகநல்லூர், நடுக்கல்லூர், பழவூர் என்று பல இடங்களில் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக் கழிவு கிடந்தபோது பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. கேரள அதிகாரிகள் வந்து லாரிகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த வீடியோவை நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். அந்த வழக்கில் நம் பக்கத்து ஆட்களும் கைதானார்கள் என்ற செய்தியை யாருக்கும் அனுப்பவில்லை. ராத்திரியில் வெளியூர் லாரிக்கு ஓடை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? வழி காட்டியது நம் ஆள். குழியை வாடகைக்கு விட்டது நம் ஆள். மூட்டை இறக்கியது நம் ஆள், கூலிக்குப் போனவர். மறுநாள் நாற்றம் வந்தபோது ஜன்னலைச் சாத்திக்கொண்டவர்கள் நாம்.

இதைவிடப் பழைய ஒன்றையும் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் 1983 முதல் தெர்மாமீட்டர் செய்த தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஆலையை அங்கிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். பின்னாளில் அது இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கு மேல் கிடந்ததை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆகிவிட்டது. அந்த ஆலைக்குக் கீழே இருப்பது பாம்பார் சோலை. பாம்பாறு இறங்கி வருகிற இடம் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கும்பக்கரை அருவி. விடுமுறை நாளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய்த் தலையைக் கொடுக்கிறோமே, அதே கும்பக்கரை. அத்தனை வருஷமும் நாம் அதைக் கொடைக்கானல்காரர் பிரச்சினை என்றுதான் பேசினோம். மண்ணில் மிச்சமிருக்கும் பாதரசம் தண்ணீரோடு எவ்வளவு தூரம் வரும், நம் பக்கம் யாராவது சோதித்தார்களா என்று தேனி மாவட்டத்தில் எத்தனை பேர் மனு எழுதினோம்? நான் எழுதவில்லை. பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வரப்போகிறது என்றபோது பூமிக்கடியில் என்ன செய்வார்கள், நிலத்தடி நீருக்கு என்ன ஆகும் என்று அவ்வளவு கேள்வி கேட்டோம். கேட்டது சரி. அதில் ஒரு கேள்வியை நம் சுடுகாட்டு ஓடையைப் பார்த்தும் கேட்டிருக்கலாம்.

கடலூர்க்காரர்கள் இந்த விஷயத்தில் நமக்கு முன்னால் போய்விட்டார்கள். சிப்காட் ஆலைகளைச் சுற்றியிருந்த கிராமத்தினர் 2004இலேயே, எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து என்ன நாற்றம் வருகிறது என்று நோட்டுப்போட்டு எழுத ஆரம்பித்தார்கள். ஒரு வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். படித்த விஞ்ஞானிகள் யாரும் வந்து தங்கி அதைச் செய்யவில்லை. மீன் பிடிக்கிறவர்களும் வயலில் வேலை பார்க்கிறவர்களும் தங்கள் மூக்கை நம்பிச் செய்தார்கள். நமக்கும் மூக்கு இருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டிப் போகத்தான் நாம் பழகியிருக்கிறோம்.

எங்கள் படம் இன்னும் முடியவில்லை. நூலகத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் என்ன கிடக்கிறது, எந்தக் கிணறு அருகில், எத்தனை குழந்தைகள் அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று பிள்ளைகள் எழுதி வருகிறார்கள். மருந்து டப்பாவை அலசி, ஓட்டை போட்டு, ஒரே இடத்தில் சேர்க்க விவசாயிகள் சிலர் ஒரு கொட்டகையைக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தோட்டத்து டப்பாக்களும் அங்கேதான் போகின்றன. பேட்டரி காய்ச்சுகிறவரிடமும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவருக்கும் சின்னப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர் வீடும் அந்தக் கொட்டகையை ஒட்டித்தான் இருக்கிறது.

குப்பை வாங்க வரும் அம்மாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்து படத்தைக் காட்டினோம். அவரை விட அந்த இடங்களை அறிந்தவர் யார்? சிவப்புப் பேனாவைக் கையில் கொடுத்து, விட்டுப்போனதை வையுங்கள் என்றோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுல நம்ம தெரு எங்க சார்?" என்றார். காட்டினேன். அங்கே ஒரு புள்ளி வைத்தார். அடுத்த தெருவில் ஒன்று, அதற்கடுத்த தெருவில் ஒன்று. ஒரு வீட்டு வரிசைகூட விடாமல் வைத்துக்கொண்டே போனார். "இங்கருந்துதான சார் எல்லாம் போகுது" என்றார்.

குத்தியதற்குப் பிறகு செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனைகளை அவர் செய்துகொண்டார், நானும் செய்து முடிவை அவரிடம் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. இப்போது என் ஊசிகள் கெட்டியான ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போகின்றன. நிறைந்ததும் மூடியை டேப் போட்டு ஒட்டி, மேலே பெரிதாக 'ஊசி' என்று எழுதி, அவர் கையில் தனியாகக் கொடுக்கிறேன். இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்வார், ஒருவர் தோட்டத்துக்கு மருந்து அடிப்பார், பரணில் ஒரு பழைய டியூப்லைட் கிடக்கும். இன்று சாயங்காலம் ஒரு தாளை எடுத்து உங்கள் தெருவை வரையுங்கள். முதல் புள்ளியை உங்கள் வாசலில் வையுங்கள்.